கருத்த ஆயில் எல்லாம் கெட்ட ஆயில் இல்லை

போன வாரம் சங்ககிரியிலிருந்து தம்பி ஒரு பாட்டில் ஆயில் அனுப்பியிருந்தான். தண்ணீர் பாட்டில்தான். மேலே பழைய வேட்டித் துணியைச் சுற்றி, சணல் கட்டி, துணியில் வண்டி எண்ணை எழுதி, பார்சல் லாரியில் அம்பத்தூர் வரை வந்து சேர்ந்தது. கூடவே அப்பாவின் கையெழுத்தில் ஒரு சீட்டு: "நல்லாக் கருத்துப் போச்சு. மாத்திரலாமா, சொல்லு கண்ணு."

ஓடிய இன்ஜின் ஆயிலைச் சோதிக்கும் லேபில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறேன். லாரி முதலாளி, டிராக்டர் வைத்திருக்கும் விவசாயி, ஜெனரேட்டர் பார்க்கும் எலக்ட்ரீஷியன், கல்யாண வீட்டில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிறவர் என்று யாரிடம் என் வேலையைச் சொன்னாலும் இந்த ஒரு கேள்விதான் வரும். கருத்துப் போச்சு, மாத்தணுமா? அதனால்தான் இதை எழுதுகிறேன். நிறத்தை நம்பி நல்ல ஆயிலைக் கொட்டுகிறவர்களும், நிறத்தை நம்பி இன்ஜினையே இழக்கிறவர்களும் உண்டு. இரண்டாவது வகையில் எங்கள் அப்பாவும் ஒருவர்.

1999-ல் நான் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு அப்போது ஒரே ஒரு லாரி, ஓட்டுநரும் அவரே. ஆயிலை அவர் பார்க்கும் முறை சங்ககிரியில் எல்லாரும் பார்க்கும் முறைதான். கேஜ் கம்பியை உருவி, நுனியில் இருக்கும் சொட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்து, வெளிச்சத்தில் காட்டிப் பார்ப்பார். அந்த வருடம் வடக்கே போகிற வழியில் ஒரு கடையில் இருபது லிட்டர் கேன் மலிவாகக் கிடைத்திருக்கிறது. சீல் இல்லை. ஆனால் ஆயில் தேன் மாதிரி தெளிவாக, பொன்னிறமாக இருந்ததாம். விரலில் வழவழவென்று நின்றதாம். வாங்கி ஊற்றிவிட்டார். அடுத்த நடையில் சோலாப்பூர் தாண்டி இன்ஜின் பிடித்துக்கொண்டது. பேரிங் உருகி கிராங்க்கோடு ஒட்டிவிட்டது. இருபத்திரண்டு நாள் அங்கேயே கிடந்தார். அம்மாவின் வளையல்களும் என் தோடும் இன்ஜின் வேலைக்குப் போயின.

அந்த ஆயிலைச் சோதிக்க ஒரு சொட்டுகூட மிஞ்சவில்லை. ஆனால் அதே மாதிரி கேன்களிலிருந்து வந்த சாம்பிள்களை நான் பிறகு நிறையப் பார்த்திருக்கிறேன். வடித்த பழைய ஆயிலைச் சூடாக்கி நீரை விரட்டி, மண்ணாலும் அமிலத்தாலும் நிறத்தை எடுத்து, கெட்டிப்படுத்த ஏதாவது பாலிமரைக் கலந்து விற்பார்கள். பார்க்கப் பளபளவென்று இருக்கும். ஆயில் எவ்வளவு கெட்டி என்று பார்க்கும் பிசுக்குமை சோதனையில்கூட சில சமயம் தேறிவிடும். உள்ளே எதுவும் இருக்காது. ஒருமுறை வந்த சாம்பிளில் துத்தநாகம் 28 பிபிஎம் (பத்து லட்சத்தில் 28 பங்கு), கால்சியம் 90. ஒரு நல்ல டீசல் இன்ஜின் ஆயிலில் துத்தநாகம் 1,200-க்குப் பக்கத்திலும் கால்சியம் இரண்டாயிரத்துக்கு மேலேயும் இருப்பது வழக்கம்.

துத்தநாகமும் கால்சியமும் ஆயிலில் எதற்கு என்று கேட்பீர்கள். அதைச் சொல்ல, ஆயில் என்பது என்ன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

எங்கள் தாத்தா காலத்தில் மாட்டுவண்டி அச்சுக்கு விளக்கெண்ணெயில் வைக்கோல் கரியைக் குழைத்து மசை போடுவார்கள். அச்சும் குடமும் உரசாமல் நடுவில் ஒன்று வழுக்க வேண்டும், அவ்வளவுதான் தேவை. இன்ஜினிலும் முதல் வேலை அதேதான். கிராங்க் சுற்றும்போது ஆயில் அதற்கும் பேரிங்குக்கும் நடுவில் ஆப்பு மாதிரி இழுத்துக்கொண்டு போய், முழுப் பாரத்தையும் தாங்கிப் பிடிக்கிறது. அந்தப் படலத்தின் கனம் பாரம் விழும் இடத்தில் சில மைக்ரான்தான். நம் தலைமுடியே எழுபது மைக்ரான் இருக்கும். ஆனால் இன்ஜின் ஆயிலுக்கு வழுக்குவது மட்டும் வேலை இல்லை. பிஸ்டனின் சூட்டைச் சுமந்து வர வேண்டும், கரியைக் கழுவ வேண்டும், அமிலத்தை முறிக்க வேண்டும், துருவைத் தடுக்க வேண்டும். பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் அடிப்படை எண்ணெய் தனியாக இதையெல்லாம் செய்யாது. அதனால்தான் சேர்மானங்கள். டீசல் இன்ஜின் ஆயிலில் பத்து முதல் இருபது சதவீதம் வரை அவைதான்.

கால்சியம் இருப்பது கழுவும் சேர்மானத்தில். கால்சியம் சல்ஃபோனேட் என்ற சோப்பு மாதிரிப் பொருள். அதன் வயிற்றுக்குள் மிக நுண்ணிய கால்சியம் கார்பனேட்டை, அதாவது நம் சுண்ணாம்புக் கல்லின் சரக்கையே, ஏற்றி வைத்திருப்பார்கள். டீசலில் உள்ள கந்தகம் எரிந்து, ஈரத்தோடு சேர்ந்து கந்தக அமிலமாகி ஆயிலுக்குள் இறங்கும்போது இந்தச் சுண்ணாம்பு அதை முறித்துவிடும். எவ்வளவு சுண்ணாம்பு மிச்சம் இருக்கிறது என்று அளப்பதுதான் டி.பி.என். சோதனை. சாம்பிளைக் கரைப்பானில் கரைத்து, பெர்குளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, எங்கே கார இருப்பு தீர்கிறது என்று மின்முனையை வைத்துப் பார்ப்போம். புது டீசல் ஆயிலில் இந்த எண் பத்துக்குப் பக்கத்தில் இருக்கும். பாதிக்குக் கீழே இறங்கினால் நான் கவனிக்கத் தொடங்குவேன். ஆயிலில் சேர்ந்த அமிலத்தைக் காட்டும் அமில எண் ஏறி இதைத் தாண்டிவிட்டால் அன்றே வடிக்கச் சொல்வேன்.

2000-ஆம் ஆண்டு விதிப்படி டீசலில் கந்தகம் 2,500 பிபிஎம் வரை இருக்கலாம். 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க 10 பிபிஎம்தான். அப்பா காலத்து ஆயில் அமிலத்தோடு நடத்திய சண்டையில் இப்போது பெரும்பகுதி இல்லை. இன்று ஒரே ஆயிலில் அத்தனை ஆயிரம் கிலோமீட்டர் ஓட்ட முடிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

துத்தநாகம் வேறு வேலைக்கு. இசட்.டி.டி.பி. என்று சுருக்கமாகச் சொல்லும் துத்தநாக, பாஸ்பரஸ், கந்தகக் கூட்டுப்பொருள் 1940-களிலிருந்து ஆயிலில் இருக்கிறது. முதலில் ஆயில் ஆக்சிஜனேற்றம் ஆகாமலும் பேரிங் அரிக்காமலும் இருக்கத்தான் சேர்த்தார்கள். தேய்மானத்தையும் தடுக்கிறது என்று பின்னால்தான் தெரிந்தது. வால்வைத் திறக்கும் கேம், டாப்பெட் மாதிரி ஆயில் படலமே நசுங்கிப்போகும் இடங்களில், அந்தச் சூட்டிலும் உரசலிலும் இது சிதைந்து, இரும்பின் மேல் கண்ணாடி மாதிரி ஒரு பாஸ்பேட் பூச்சாகப் படிந்துகொள்ளும். இரும்பு இரும்பைத் தொடாது. பூச்சு தேயும், மறுபடி படியும். எனக்கு இந்த வேதியியலில் ரொம்பப் பிடித்த பொருள் இதுதான். அப்பாவின் கேனில் இது இல்லாமல் இருந்திருந்தால் விரல் அதை எப்படிக் கண்டுபிடிக்கும்?

இப்போது கருப்புக்கு வருகிறேன்.

டீசல் எரியும்போது கரி வரும். அதன் துகள் ஒவ்வொன்றும் சில பத்து நானோமீட்டர்தான். எந்த ஆயில் ஃபில்டரிலும் நிற்காது. தனித்தனியாக இருக்கிற வரை ஒன்றும் செய்யாது. ஒன்றோடொன்று சேர்ந்து கட்டியானால்தான் ஆபத்து. ஆயில் கெட்டியாகும், ரிங் பள்ளத்தில் அடைக்கும், இன்ஜின் அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பில் சேறாகப் படியும். அப்படிச் சேரவிடாமல் தடுப்பது சிதறச் செய்யும் சேர்மானம். அதன் மூலக்கூறு ஒரு தலையும் நீண்ட வாலுமாக இருக்கும். தலை கரித்துகளைப் பிடித்துக்கொள்ளும், வால் ஆயிலில் நீந்தும். ஒவ்வொரு துகளைச் சுற்றியும் இப்படி வால்கள் நீட்டிக்கொண்டு நிற்பதால் துகள்கள் நெருங்க முடியாது. ஆக, ஆயில் கருப்பாக இருக்கிறது என்றால் கரி ஆயிலில் மிதக்கிறது, அதாவது இன்ஜின் சுவரில் ஒட்டவில்லை. டீசல் வண்டியில் புது ஆயில் ஊற்றி இரண்டே நாளில் கருத்துவிடும். அது தன் வேலையைச் செய்கிறது. நிறைய ஓடிய பிறகும் ஒரு டீசல் வண்டியின் ஆயில் வெளுப்பாகவே இருந்தால்தான் எனக்குக் கவலை. கரி எங்கே போனது?

இதை வீட்டிலேயே பார்க்க ஒரு சோதனை உண்டு. பள்ளிக்கூட லேப் சாமான் விற்கும் கடையில் ஃபில்டர் பேப்பர் கிடைக்கும். இன்ஜின் சூடாக இருக்கும்போது கேஜ் கம்பியிலிருந்து ஒரே ஒரு சொட்டு விட்டு, பேப்பரை ஒரு டம்ளர் வாய்மேல் தட்டையாக வைத்து, ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். கருப்பு நடுவிலிருந்து ஓரம் வரை ஒரே சீராகப் பரவிச் சாம்பலாக மங்கினால் சிதறச் செய்யும் சக்தி இன்னும் இருக்கிறது. நடுவில் மையாக ஒரு வட்டம் நின்று, அதற்கு வெட்டின மாதிரி ஓரம் விழுந்து, வெளியே வெறும் எண்ணெய் மட்டும் பரவியிருந்தால் சேர்மானம் தீர்ந்துவிட்டது. லேபில் அகச்சிவப்புக் கதிர் வைத்துக் கரியைச் சதவீதமாகவே அளக்கிறோம், இருந்தாலும் இந்தப் பேப்பர் சோதனையை நான் விட்டதில்லை. கரி எவ்வளவு என்று கருவி சொல்லும். ஆயில் அதை எப்படி வைத்திருக்கிறது என்று பேப்பர்தான் பட்டென்று காட்டும்.

அப்பாவிடமும் இப்படி ஒரு சோதனை உண்டு. சைலன்ஸர் குழாய் நன்றாகச் சூடானதும் அதன் மேல் ஒரு சொட்டு ஆயில் விடுவார். சடசடவென்று பொரிந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது, ஹெட் கேஸ்கெட்டைப் பார் என்பார். முதன்முதலாக லேபில் சேர்ந்தபோது, 160 டிகிரியில் வைத்த ஒரு தட்டில் சீனியர் ஒருவர் சொட்டு விட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். அதே சோதனைதான். பொரிந்தால் அடுத்து கார்ல் ஃபிஷர் முறையில் எவ்வளவு தண்ணீர் என்று அளப்போம். கூடவே சோடியமோ பொட்டாசியமோ ஏறியிருந்தால் அது மழைத் தண்ணீர் இல்லை, ரேடியேட்டர் கூலன்ட்.

பிசுக்குமையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. லேபில் நான் அதிகம் செய்யும் சோதனை அதுதான். டின்னின் மேல் 15டபிள்யூ-40 என்று போட்டிருக்கும் அல்லவா? டபிள்யூ என்பது குளிர்காலம். முதல் எண் குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது எவ்வளவு இளகுவாக இருக்கும் என்பது. 40 என்பது 100 டிகிரி சூட்டில் பிசுக்குமை 12.5 முதல் 16.3 செண்டிஸ்டோக் வரைக்குள் இருக்கும் என்பது. செண்டிஸ்டோக் என்பது பிசுக்குமையின் அளவு. தண்ணீர் அறை வெப்பத்தில் ஏறக்குறைய ஒரு செண்டிஸ்டோக். அளக்கும் முறை ரொம்ப எளிமை. வளைந்த கண்ணாடிக் குழாயில் ஆயிலை எடுத்து, 100 டிகிரியில் துளியும் மாறாமல் நிற்கும் தொட்டியில் இறக்கி, இரண்டு கோடுகளுக்கு நடுவே ஆயில் ஓட எத்தனை விநாடி என்று பார்த்து, குழாயின் மாறிலியால் பெருக்க வேண்டும். கருத்த ஆயில் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு கோட்டைத் தாண்டுவது தெரியாது. அதனால் அதற்கென்று ஆயில் கீழிருந்து மேலே ஏறும்படி வேறு குழாய் உண்டு.

எந்த எண்ணெயும் சூட்டில் இளகும், குளிரில் கெட்டிப்படும். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலை வெயிலில் வைக்கிறோமே. தாது எண்ணெயிலும் குளிரில் மெழுகு பூக்கும். அந்தப் பூக்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளாமல் இருக்க ஒரு சேர்மானம். சூட்டில் ரொம்ப இளகாமல் இருக்க நீண்ட பாலிமர் ஒன்று. சூடு ஏற ஏற அது சுருளை அவிழ்த்து விரிந்துகொள்ளும். ஆனால் அந்தச் சங்கிலிகள் கியருக்கும் பேரிங்குக்கும் நடுவில் அறுபடும். அதனால்தான் சில ஆயில்கள் ஓட ஓட இளகும். கரியும் ஆக்சிஜனேற்றமும் கெட்டியாக்கும், அறுபட்ட பாலிமரும் கலந்த டீசலும் இளக்கும். இரண்டும் சேர்ந்து நடந்தால் எண் மாறாமலே நிற்கும். பார்க்கிறவருக்கு எல்லாம் நன்றாக இருப்பது போலத் தோன்றும். ஆகையால் ஒரே ஒரு சோதனையை வைத்து நான் யாருக்கும் பதில் சொல்வதில்லை.

ஒருவர் போனில் சந்தோஷமாகச் சொன்னார்: "எங்க வண்டி ஆயிலே குடிக்கறதில்லீங்க மேடம், லெவல் கூடிக்கிட்டுத்தான் இருக்குது." எனக்குத் திக்கென்றது. ஆயில் தானாகக் கூடாது. சாம்பிள் வந்தது. புதிதாக 14.6 இருந்த பிசுக்குமை 10.3. தீப்பிடிக்கும் வெப்பநிலை 226-லிருந்து 160-க்குக் கீழே. டீசலைப் பீய்ச்சும் ஒரு நாசில் ஒழுகி டீசல் நேராகச் சம்ப்புக்கு இறங்கிக்கொண்டிருந்தது. லெவல் குறைவதைக் கவனிக்கும் அளவுக்குக் கூடுவதையும் கவனியுங்கள்.

உலோகச் சோதனையை ரத்தப் பரிசோதனை என்று எல்லாரும் சொல்வார்கள். சரியான உவமைதான். ஆயிலை மெல்லிய துளிகளாக்கி, சூரியனின் மேற்பரப்பைவிடச் சூடான ஆர்கான் சுடருக்குள் செலுத்துவோம். ஒவ்வொரு உலோகமும் தனக்கென்று ஒரு நிறத்தில் ஒளிவிடும். இரும்பு என்றால் லைனர், கிராங்க். அலுமினியம் என்றால் பிஸ்டன். குரோமியம் என்றால் ரிங். ஈயம், செம்பு, வெள்ளீயம் என்றால் பேரிங். இதை முதலில் செய்து காட்டியவர்கள் ரயில்வேக்காரர்கள். 1946-ல் அமெரிக்காவின் டென்வர் அண்ட் ரியோ கிராண்டே ரயில்வேயின் ஆய்வுக்கூடம், ஓடிய ஆயிலில் உள்ள உலோகத்தை வைத்தே டீசல் இன்ஜினுக்குள் நடக்கும் கோளாறைக் கண்டுபிடித்தது.

கல்குவாரி டிப்பர் ஒன்றின் சாம்பிள் நினைவிருக்கிறது. இரும்பு 210, அலுமினியம் 31, சிலிக்கான் 74. சிலிக்கான் என்றால் மண். ஆயிலில் நுரை அடக்க ஒரு சிலிக்கோன் பொருள் சில பிபிஎம் இருக்கும், கேஸ்கெட்டுக்குத் தடவும் பசையிலிருந்தும் கொஞ்சம் வரும், ஆனால் 74 என்றால் புழுதிதான். ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் ரப்பர் ஹோஸைப் பாருங்கள் என்றேன். அடியில் கிளிப் தளர்ந்து, விரல் போகிற அளவுக்குப் பிளவு. மேலே இருந்து பார்த்தால் தெரியவே தெரியாதாம். கிளிப்பை மாற்றி ஆயிலையும் மாற்றினார்கள். அடுத்த சாம்பிளில் சிலிக்கான் 11. எனக்கு அந்த வாரம் முழுக்க மனசு நிறைந்திருந்தது.

இந்தக் கருவிக்கும் ஒரு குறை உண்டு. ஏழெட்டு மைக்ரானுக்கு மேல் பெரிய துண்டுகள் சுடரில் முழுதாக ஆவியாவதில்லை. அதனால் பேரிங் பொத்துக்கொண்டு பெரிய செதில்களாக உதிரும்போது எண் குறைவாகவே காட்டலாம். சந்தேகம் வந்தால் ஃபில்டரை வெட்டி மடிப்புகளைப் பிரித்துப் பார்க்கச் சொல்வேன். அங்கே கண்ணுக்கே மின்னும்.

சாம்பிள் எடுப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்கேதான் பாதி வேலை கெடுகிறது. வண்டி ஓடி வந்த சூட்டில் எடுங்கள். ஆறின சம்ப்பில் கனமானவை அடியில் படிந்துவிடும். பிளக்கைத் திறந்ததும் முதலில் வருவதையும் கடைசியில் வருவதையும் விட்டுவிட்டு நடுவில் வருவதைப் பிடியுங்கள். காய்ந்த சுத்தமான பாட்டில் வேண்டும். தம்பி அனுப்பிய மாதிரி தண்ணீர் பாட்டில் கூடாது. நாலு துளி தண்ணீர் உள்ளே இருந்தாலும் நான் கேஸ்கெட்டைக் கழற்றச் சொல்லிவிடுவேன். எத்தனை கிலோமீட்டர் ஓடியது, நடுவில் எவ்வளவு ஊற்றினீர்கள் என்று எழுதுங்கள். அந்த ஆயிலின் புதுச் சாம்பிளையும் ஒன்று சேர்த்து அனுப்பினால் ரொம்ப உதவி. புதிதில் எவ்வளவு இருந்தது என்று தெரியாமல் எவ்வளவு தீர்ந்தது என்று எப்படிச் சொல்வது?

சரி, தம்பியின் பாட்டில். வேறு பாட்டிலில் மறுபடி அனுப்பச் சொல்லி, வந்ததைச் சோதித்தேன். பிசுக்குமை 14.1, டி.பி.என். 6.3, இரும்பு 38, சிலிக்கான் 9, தண்ணீர் இல்லை. மை மாதிரி கருப்பு. கையேட்டில் சொன்ன தூரத்தில் பாதிதான் ஓடியிருந்தது. மாற்ற வேண்டாம் என்று போன் செய்தேன்.

அப்பா விடவில்லை. "மாத்திரலாம் கண்ணு, ஆயில்தான் பேரல்ல கெடக்குதே" என்றார். அப்போதுதான் தெரிந்தது, பட்டறையை மூடிய ஒருவரிடம் அரை பேரல் ஆயில் மலிவாக வாங்கி வைத்திருக்கிறார். இந்தத் தடவை கம்பெனிச் சரக்குதான், போட்டோவில் பார்த்தேன். சி.ஐ.-4 ரகம், டின்னில் போட்டிருக்கும் தரக் குறியீடு அது. தம்பியின் வண்டியோ 2020-ல் வந்த பி.எஸ்.-6 புகை விதிப்படி செய்தது.

"அப்பா, அதை இந்த வண்டிக்கு ஊத்தாதீங்க" என்றேன்.

"ஏன், நல்ல ஆயில்தானே?"

"நல்ல ஆயில்தானுங்கப்பா. இந்த வண்டிக்கு இல்லை."

விளக்கினேன். பி.எஸ்.-6 வண்டியின் சைலன்ஸரில் கரி பிடிக்கும் ஃபில்டர் இருக்கிறது. அதில் சேரும் கரியை வண்டி தானே எரித்துவிடும். ஆனால் ஆயிலில் இருக்கும் கால்சியமும் துத்தநாகமும் எரிந்தால் சாம்பல். சாம்பல் மறுபடி எரியாது, அங்கேயே அடைத்துக்கொள்ளும். அதனால் இந்த வண்டிகளுக்குச் சாம்பல் ஒரு சதவீதத்தைத் தாண்டாத சி.கே.-4 மாதிரி ரகம்தான். 1999-ல் எது இல்லாமல் நம் இன்ஜின் பிடித்துக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேனோ, அதுவே இந்த வண்டிக்கு அதிகமானால் ஃபில்டரை அடைக்கும் என்றபோது அப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அப்ப பழைய வண்டிக்கு ஊத்திக்கலாமா?" என்றார். 2008 மாடல் இன்னும் ஓடுகிறது. அதற்குத் தாராளமாக ஊற்றலாம்.

பேரலைக் கொட்டகைக்கு வெளியே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மூடியின் மேல் மழைத் தண்ணீர் தேங்கினால், ராத்திரிக் குளிரில் பேரல் உள்ளிழுக்கும்போது தண்ணீரும் மரை வழியாக உள்ளே போகும். ஐப்பசி மழைக்கு முன்னால் அதை நிழலில் படுக்கவைத்து, இரண்டு மூடிகளும் கடிகாரத்தில் மூன்றும் ஒன்பதும் இருக்கும் இடத்தில், ஆயில் மட்டத்துக்குக் கீழே வரும்படி திருப்பி வைக்கச் சொல்லியிருக்கிறேன். அரை பேரலுக்கு அந்த மட்டம் போதுமா என்று தம்பி தட்டிப் பார்த்துச் சொல்கிறேன் என்றான்.